சைகாலின் கூண்டுகள்

காலையில் படகைக் கூண்டோரம் நிறுத்தினால் மீன்கள் மேலே வந்து முதுகைக் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடிப்பது எனக்குப் பிடிக்கும். நீங்கள் கராகோல் நகரத்துக்காரர், ஏரியைக் கரையிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் வாருங்கள், தம்பி எர்மெக் கூட்டிப்போவான்.

பண்ணை எங்கள் இருவருடையது. இசிக்-குல் ஏரியின் தென்கரையில் முதல் வலைக்கூண்டை மிதக்கவிட்டது நான். டிரவுட் மீனுக்கு நோய் கண்டால் தீவனத்தில் ஆன்டிபயாடிக் பொடி கலந்ததும் நான்தான். சில மீன் பிழைக்கும், சில சாகும். யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

பிறகு எர்மெக் சைகாலைக் கட்டிக்கொண்டு வந்தான். தலைநகர் பிஷ்கெக்கில் மீன்வளம் படித்தவள். கெட்ட பெண் என்று சொல்லமாட்டேன். வந்த புதிதில் என்னிடம்தான் முதலில் கேட்டாள்.

"அத்தான், சும்மா சும்மா மருந்து போட்டா குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகுது. அப்புறம் நோய் வந்தா எதிர்த்து நிக்க ஆள் ஏது? குதிரைப்பால் புளிச்சு குமிஸ் ஆகுதுல்ல, அதைச் செய்யுற மாதிரி உயிருங்களைத் தீவனத்துல தெளிப்போம். அதுங்களுக்குத் தின்ன கொஞ்சம் சிக்கரி வேர்ப்பொடி."

"மீனுக்குக் குமிஸ், தொட்டுக்க வேர்ப்பொடியா? ஏம்மா, எனக்கு ஒருநாளும் இப்படி விருந்து வச்சதில்லையே."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை.

சமையலறைக்குப் பின்னால் கதகதப்பான சின்ன அறையில் அவள் அதைப் புளிக்க வைத்தாள். சூடு பட்டால் செத்துவிடும் என்று தீவனக் குருணையை ஆறவைத்து, எண்ணெயோடு சேர்த்துத் தெளிப்பாள். புரோபயாடிக் என்பாள், வேர்ப்பொடிக்குப் பிரீபயாடிக் என்று பெயர். மீன்கள் சாவது நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், சதைகூட முன்னைவிட நன்றாகத் திரண்டிருந்தது. என் மருந்து மூட்டைகள் கொட்டகையில் எலிப் புழுக்கையோடு கிடந்தன. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யோசனை கேட்டு வந்தார்கள். வாசலில் நிற்கும் என்னைத் தாண்டி, "சைகால் இருக்காங்களா?" என்றார்கள்.

வியாபாரி ஒருவர் வந்தபோது ஆடு அறுத்தோம். விருந்தாளி என்று ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தோம். அவர் அதிலிருந்து ஒரு துண்டை அறுத்து, மரியாதை செய்வதுபோல் சைகாலுக்குக் கொடுத்தார். அப்புறம் என்னைக் காட்டி, "அண்ணன் என்ன பண்றாரு?" என்று தம்பியிடம் கேட்டார்.

"அண்ணனா? கிழிஞ்ச வலையைத் தைப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சைகால் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். அவளும் சிரித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

மறுநாளிலிருந்து அவள் தெளித்து வைத்த தீவனத்தில் என் பொடியைக் கலந்தேன். விஷமில்லை, மருந்துதான். மீன்கள் மந்தமாயின. அவள் கவலைப்பட்டுத் தன் புளிப்புநீரைக் கூட்டினாள். நானும் கூட்டினேன்.

ஆனாலும் நோய் வரவில்லை. சில காரியங்கள் தானாக நடக்காது. கீழ்க்கரைப் பண்ணையில் உடம்பெல்லாம் புண் வந்து மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. எங்கள் நாய்க்கு என்று சொல்லி அந்தச் செத்த மீன்களை ஒரு சாக்கு வாங்கி வந்து, கல் கட்டி அவளுடைய கூண்டுகளுக்குள் இறக்கினேன். அந்த நோய்க்கு என் மருந்து கேட்காது என்பது கீழ்க்கரையிலேயே தெரிந்த விஷயம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏரியில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. வேலையாட்கள் முன்னாலேயே எர்மெக் அவளைப் பார்த்து, "உன் புளிச்ச தண்ணிய நம்பி நடுத்தெருவுல நிக்கிறோம்டி" என்று கத்தினான். நான்தான் அவனைத் தடுத்தேன். "விடுடா, சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருச்சு" என்றேன். அந்த இடத்தில் அவளுக்காகப் பேசியது நான் ஒருவன்தான். அவன் சொல்லியிருப்பானே.

அவள் அழவில்லை. செத்த மீன்களை அறுத்துக் குடலை டப்பிகளில் எடுத்தாள். மிச்ச மீன்களை அள்ள அன்று நாங்கள் இருவர்தான் படகில் போனோம். காற்று எழும்பியிருந்தது.

"அத்தான், நான் போட்டது ஒண்ணுகூடக் குடல்ல உயிரோட இல்ல. யாரோ மருந்து கலந்திருக்காங்க. சோதிக்கச் சொல்லி பிஷ்கெக்குக்கு அனுப்பிட்டேன்."

"யாரும்மா அப்படிச் செய்வாங்க?"

அவள் வலையை இழுக்கும் என் கைகளையே பார்த்தாள். அந்த மருந்துப் பொடி மஞ்சள் நிறம். நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது.

"நீங்களா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஏன் அத்தான்? நான் உங்களை என்ன செஞ்சேன்?"

கேள்வி நியாயமானதுதான். நான் வலையை இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்றாள். பக்கவாட்டில் அலை அடித்தது. தவறி விழுந்தாள். நெஞ்சுவரை ரப்பர் உடை போட்டிருந்தாள். அதற்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டியது போல.

விபத்து என்று நீங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதினீர்கள். அவமானம் தாங்காமல் குதித்துவிட்டாள் என்று ஊரில் பேசுகிறார்கள். பிஷ்கெக்கிலிருந்து முடிவு வந்துவிட்டது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவள் குதிக்கிற பெண்ணில்லை. செத்தவளுக்கு அந்தக் கெட்ட பெயர் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பெண் அல்லவா.

அவள் உடனே மூழ்கவில்லை. படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி, விடுகிற உத்தேசமே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டேன்.

தள்ளவில்லை. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளைத் தள்ளவில்லை.