குறச்சு கூடி

நாடி பிடிக்கும்போது கட்டைவிரலை வைக்கக் கூடாது, சார். கட்டைவிரலுக்குச் சொந்தத் துடிப்பு உண்டு. நம்முடையதை எண்ணிவிட்டு நோயாளியுடையது என்று எழுதிவிடுவோம். புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். பதினாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். சத்தியபாய் என்றால் அமரவிளையில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் சீரியஸ் ரூம் என்ற ஏற்பாடே என் யோசனை. முன்பெல்லாம் சாகக் கிடப்பவரையும் கால் ஒடிந்தவரையும் ஒரே வார்டில் போட்டிருப்பார்கள். ஒருவர் மூச்சு நின்று அரை மணி கழித்துத்தான் தெரியவரும். நான்தான் டாக்டரிடம் மன்றாடி, ரொம்ப மோசமான நாலு பேரை ஒரு தனி அறையில் என் மேசைக்கு எதிரே போட வைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். கால் மணிக்கு ஒரு தரம் நாடி, மூச்சு, உதட்டின் நிறம் மூன்றையும் சார்ட்டில் எழுத வேண்டும். அப்படி எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

ஐம்பத்துநாலில் ரத்னபாய் வேலைக்கு வந்தாள். அப்பா ஊர் அதியன்னூர்தான், ஆனால் அவள் வளர்ந்ததும் படித்ததும் மதுரையில். மலையாளம் ஒரு சொல் தெரியாது. கைவேலை சுத்தம், அதை நான் மறைக்கவில்லை. மூன்றாம் மாதமே கிருஷ்ணன்குட்டி டாக்டர் சீரியஸ் ரூமை அவள் பொறுப்பில் விட்டார். என்னை அவளுக்கு ஒத்தாசையாக இருக்கச் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் ஞானையனைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்துத் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த ஊர்வலத்தில் அடிபட்டவன். விலா எலும்பு ஒடிந்து நுரையீரலில் குத்தியிருந்தது. மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் அவன் வாயைத் துடைத்தது, மலம் எடுத்தது எல்லாம் நான். மூன்றாம் நாள் கண் விழித்தவன் ரத்னபாய் பேசுவதைக் கேட்டுச் சிரித்தான்.

"இதாக்கும் தமிழ்," என்றான். "சத்தியக்கா பேசியது பாதி மலையாளமாக்கும்."

அவள் வாய்பொத்திச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது என்று காட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவனுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, வேறு கேஸுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னார்: "ஓக்சிஜன் குறச்சு கூடி கொடுக்கணம், கேட்டோ. ஞான் உச்சைக்கு வராம்."

"டாக்டர் என்ன சொன்னாரு அக்கா?" என்று ரத்னபாய் என்னைக் கேட்டாள்.

மலையாளத்தில் 'குறச்சு' என்றால் கொஞ்சம். 'குறச்சு கூடி' என்றால் இன்னும் கொஞ்சம். அதிகமாகக் கொடு, மத்தியானம் வருகிறேன் என்கிறார். இது இந்த எல்லையில் பிறந்த எவருக்கும் மனசிலாகும்.

"குறச்சுக் குடுக்கணுமாம்," என்றேன்.

"மூச்சு இப்படி வாங்குது. குறைக்கவா சொன்னாரு?"

"எனக்குக் காது கேக்கும் மக்கா."

அவள் சிலிண்டர் சாவியைத் திருகினாள். ஆக்சிஜன் போகும் பாட்டில் தண்ணீரில் குமிழி மெதுவானது. காலையிலிருந்து ஒன்றும் தின்னாமல் நிற்கிறாயே, போய்ச் சாப்பிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை அனுப்பி வைத்தேன். மாட்டேன் என்றாள். அப்புறம் என்னை நம்பிப் போனாள்.

நான் சாவியைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாடி நூற்றுப் பதினெட்டு. கால் மணி கழித்து நூற்று நாற்பது, உதடு நீலம். எல்லாம் சார்ட்டில் உண்டு, என் கையெழுத்துதான். ஒரு தரம் அவன் கண்ணைத் திறந்து, "சிஸ்டர் எங்க?" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். "வருவா," என்றேன். பதினொன்று ஐம்பதுக்கு அடங்கினான்.

விசாரணையில், டாக்டர் சொன்ன வார்த்தையைத்தான் சொன்னேன் என்றேன். அது பொய்யில்லை, ஒரு சொல்தான் விட்டுப்போயிற்று. ரத்னபாய் என்மேல் பழி சொல்லவில்லை, மலையாளம் தெரியாமல் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அழுதாள். அவள் வேலை போயிற்று. அறை எனக்கு வந்தது.

இரண்டு வருஷம் நான் ஒன்றும் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஞானையனுக்குச் சபையில் நினைவு ஜெபம் வைத்தார்கள். ரத்னபாய் மதுரையிலிருந்து வந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். ஞானையனின் அம்மா சுகிர்தபாய் எழுந்து போய், சபை முழுக்கப் பார்த்திருக்க, அவளைக் கட்டிக்கொண்டாள். "நீயும் எனக்க பிள்ளையாக்கும்," என்று சொல்லி நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எல்லோரும் அழுதார்கள். பின்பெஞ்சில் இருந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், சார். அவனைக் கொன்றது நான். கடைசி மூச்சு வரை அவன் கையைப் பிடித்திருந்ததும் நான். அதையெல்லாம் அவள் பேரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். என் பேருக்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டு, சுகிர்தபாய்க்கும் ஆள் விட்டுச் சொல்லுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன், அவள் வந்து என்னைப் பார்க்கட்டும்.