ஈயக்குண்டு கட்டும் நூல்

கடையில் விற்கும் தூண்டில் எங்கள் கரைக்கு ஒத்துவராது. பெரியபட்டினத்தில் கரையில் நின்று வீசினால் ஈயக்குண்டு கடலடிப் பாறை இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் வீட்டுக்கு நானே கட்டுவேன். பெரிய நைலான் நரம்பின் நுனியில் சுழலும் வளையம், அதன் கீழே தூண்டில் முட்கள், அடியில் குண்டு. குண்டை மட்டும் மெல்லிய நூலில் கட்ட வேண்டும். சிக்கினால் அந்த நூல் அறுந்து குண்டு கடலோடு போகும். மீதி கைக்கு வந்துவிடும்.

என் கணவர் அப்துல் ஹாதி சவூதியில் ட்ரைலர் லாரி ஓட்டினார். விடுப்பில் வந்தால் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுக் கரைக்குப் போவார். நானும் போவேன். கல்யாணமானதிலிருந்து அவரை நான் பார்த்ததெல்லாம் விடுப்பு நாட்களில்தான். மகள் அஃபீஃபாவுக்கு அவரைப் போனில்தான் பழக்கம். நேரில் கண்டால் என் முந்தானைக்குப் பின்னால் போய்விடுவாள்.

இந்த முறை சவூதிக்குத் திரும்பிப் போக வேண்டாம் என்றேன்.

"இங்கன இருந்து என்ன செய்ய புள்ள? உன் தூண்டில வித்துப் பொழைக்கவா?"

"வித்தா என்ன மச்சான்? உங்கள விட அதுக்கு நல்ல வெல கெடைக்கும்."

சிரித்தார். மறுநாளே விசா மெடிக்கலுக்குத் தேதி வாங்கிவிட்டார்.

நான் இயற்பியல் படித்தவள். மெல்லிய நூல் சிறு இழுப்புக்கே அறுந்துவிடும். கெட்டி நரம்பு அறாது, நீளும். இழுக்கிற பலமெல்லாம் அதில் சேரும். குண்டு பாறையை விட்டுக் கழன்றால் இழுத்தவரை நோக்கித்தான் வரும். அன்று கரைக்குப் போகுமுன் குண்டைக் கெட்டி நரம்பில் கட்டினேன். எச்சில் தொட்டு முடிச்சை நன்றாக இறுக்கினேன். பலவீனமாக நான் எதையும் கட்டவில்லை.

சிக்கினால் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று இழுக்க வேண்டும். அவர் மறந்துவிடுவார். "திரும்புங்க மச்சான்" என்று எப்போதும் சொல்வது நான்தான். அன்று சொல்லவில்லை. அஃபீஃபாவை மட்டும் தூரமாகக் கூட்டிப்போய்ச் சிப்பி பொறுக்க வைத்தேன்.

அவருக்கு வலது கண் போய்விட்டது. ட்ரைலர் ஓட்ட ஒற்றைக் கண் போதாது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் முடிச்சு அந்துபோகல புள்ள. குண்டுதான் கழண்டு வந்துருச்சு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறார். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றிவிடுகிறார். நான் துடைக்கிறேன். மீனில் முள் எடுத்து வைக்கிறேன். அஃபீஃபா அவரிடம் இடப்பக்கமாகவே வருகிறாள், அவருக்குத் தெரிகிற பக்கம். மடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

நேற்று அவர் தம்பி ரிஃபாய் கத்தாரிலிருந்து பேசினான். வாட்ச்மேன் வேலையாம். ஒற்றைக் கண் போதுமாம். போனை வைத்ததும் இவர் முகத்தில் பல மாதம் காணாத வெளிச்சம்.

"போறதுக்கு முன்னாடி ஒருதடவ கரைக்குப் போவமா புள்ள? கட்டித் தாரியா?"

கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் மெல்லிய நூல் தீர்ந்துபோயிருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.