கூரையில் ஓட்டை போட மனம் வராதவன்

பிக்கப் வண்டிக்கு ரேடியோ ஆன்டெனா வைக்கச் சிறந்த இடம் கூரையின் நடு. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. சுற்றிலும் தகரம் சமமாகப் பரந்திருக்கும், குரலும் சுற்றிலும் சமமாகப் போகும். ஆனால் அதற்குக் கூரையில் ஓர் ஓட்டை போட வேண்டும். புது வண்டியில் ஓட்டை என்றதும், வளர்ந்த ஆண்பிள்ளைகள் காது குத்தத் தூக்கிப்போகும் குழந்தை மாதிரி முகத்தைக் கோணுகிறார்கள்.

வெளியே நிற்கும் உங்கள் ஷெரிஃப் வண்டியைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன். ஆன்டெனாவைப் பின்பக்கம் இடது மூலையில் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் வலது முன்பக்கம் இருப்பவனுக்குத்தான் நீங்கள் பேசுவது நன்றாகக் கேட்கும். மற்றவர்களுக்கு வாய்க்குள் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு பேசுவது போலிருக்கும். வேலை செய்தவன் சோம்பேறி. அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் யாரோ, எனக்குத் தெரியாது. நீங்களாக இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் கேட்பது ராய்ஸின் வண்டியைப் பற்றி. ஏழாவது மைல் வளைவில் என் மரலாரியின் அடியில் போன பச்சை பிக்கப். அதன் ஆன்டெனா கம்பிக்கு அடியில் உங்கள் ஆட்கள் ஒரு ரப்பர் துண்டைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அதைப் பையில் போட்டு, நான் பார்க்கட்டும் என்று மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அது பழைய சைக்கிள் டியூப். நான்தான் வெட்டி வைத்தேன். இதற்கு நீங்கள் இவ்வளவு சுற்றி வளைத்திருக்க வேண்டாம். ஆனால் ஏன் வைத்தேன் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ராய்ஸ் எனக்குச் சகலை. என் மனைவி நோரீனின் தங்கை டார்சியைக் கட்டியவன். மலை உச்சியில் மரம் வெட்டும் இயந்திரங்களுக்கு டீசல் கொண்டுபோவது அவன் வேலை. அங்கே வெட்டிய மரத்தைக் கீழே இறக்குவது என் வேலை. சாலை உங்களுக்கே தெரியும். ஒரு லாரி போகிற அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால் இந்த மலையில் ஒரே ஒரு விதி உண்டு. மைல் பலகையைத் தாண்டும்போதெல்லாம் ரேடியோவில் சொல்ல வேண்டும். ‘எட்டு, லோடு, இறக்கம்.’ ‘மூன்று, பிக்கப், ஏற்றம்.’ ஏறுகிறவன் அதைக் கேட்டு, பாறையை வெட்டி விட்டிருக்கும் ஒதுங்கிடத்தில் வண்டியைச் செருகிக்கொள்வான். லோடு ஒதுங்காது, ஒதுங்க முடியாது. நான் லாரி ஓட்டிய இத்தனை வருடத்தில் ஒரு பலகையைக்கூடச் சொல்லாமல் விட்டதில்லை. ஒரு வார்த்தை கூட்டியும் சொன்னதில்லை.

ராய்ஸ் எப்படிச் சொல்வான் தெரியுமா. “மூணு, பிக்கப், ஏற்றம். வண்டில டீசல் இருக்கு, வயித்துல ஒண்ணுமில்ல. மேல யாராச்சும் சாண்ட்விச்சு மிச்சம் வெச்சிருந்தா புண்ணியமா போகும்.” உடனே மலை முழுக்க ஆளாளுக்குப் பதில் கொடுப்பார்கள். டார்சி சுடுகிற பிஸ்கட்டைத் துணியில் கட்டி எடுத்துப்போய் எல்லோருக்கும் பங்கு வைப்பான் என்பதால் ரேடியோவில் அவனுக்குப் பிஸ்கட் என்றே பெயர். வயது வந்த மனிதன் ஒருவனைப் பிஸ்கட் என்று கூப்பிட்டால் வெட்கப்பட வேண்டும். அவன் அதைத் தொப்பியில் எழுதி வைத்திருந்தான்.

எங்கள் பக்கம் லாரிக்காரன் வீட்டுச் சமையலறையில் ஒரு ரேடியோ இருக்கும். புருஷன் எந்த மைலில் வருகிறான் என்று கேட்டு அடுப்பைப் பற்றவைப்பார்கள். நோரீனுக்கும் அதற்காகத்தான் வாங்கிக் கொடுத்தேன். என் குரலைக் கேட்டு உருளைக்கிழங்கை ஏற்றினால், நான் கை கழுவி உட்காரும்போது வெந்திருக்கும். இதையும் ராய்ஸ் விட்டுவைக்கவில்லை. “நோரீன் அக்கா, உங்க வீட்டுக்காரர் நாலாவது மைல்ல மூஞ்சிய உர்ருன்னு வெச்சுக்கிட்டு வர்றார். உருளைக்கிழங்க ஏத்திடுங்க, இல்லன்னா உங்கள வேக வெச்சிருவார்” என்பான்.

போன கோடையில் ஒரு நாள் மேலே இயந்திரம் பழுதாகி, நான் லோடு இல்லாமல் சீக்கிரமே வீடு வந்துவிட்டேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ரேடியோவில் என் குரல் வந்தது. நான் முற்றத்தில் நிற்கிறேன், என் குரல் வீட்டுக்குள் பேசுகிறது. “ஏழ்ழு... லோடு... இறக்கம்... ஆமென்.” ராய்ஸ்தான். வேதம் வாசிக்கிற பாதிரியார் மாதிரி என்னைப் பழித்துக் காட்டுகிறான். யார் யாரோ சிரிக்கிறார்கள். நோரீன் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் மாவட்டச் சந்தையில் ராட்டினத்தில் ஏற்றியபோது ஒரு முறை அப்படிச் சிரித்திருக்கிறாள். பிறகு நான் பார்த்ததில்லை.

நான் கதவைத் திறந்தேன். அவள் நிமிர்ந்தாள்.

“வந்துட்டீங்களா? வண்டிச் சத்தமே கேக்கல” என்றாள். முகத்தில் ஒன்றுமில்லை. விளக்கை அணைத்த மாதிரி.

போய்க் கை கழுவினேன். நான் சண்டைக்காரன் இல்லை என்பதை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலத்தில் ராய்ஸ் புது பிக்கப் வாங்கினான். ஆன்டெனா வைத்துத் தரச் சொல்லி என் கொட்டகைக்கு வந்தான். நான் வைத்த ஆன்டெனாக்கள்தான் இந்த மலையில் பாதி வண்டிகளில் இருக்கின்றன. கையில் ஒரு பெட்டி வைத்திருந்தான். உள்ளே இரட்டை ஆன்டெனா. சிவப்புக் குமிழ் வேறு.

“சகலை, பாரேன். ரெண்டு பக்கக் கண்ணாடிலயும் மாட்டிட்டா பெரிய லாரி மாதிரி கம்பீரமா இருக்கும்ல?”

“ரெண்டு கொம்பு மாட்டுக்குத்தான் வேணும். ரெண்டுக்கும் நடுவுல ஒன்பது அடி இருந்தாத்தான் ரெட்டை வேலை செய்யும். உன் வண்டி எத்தனை அடி அகலம்?”

“ஆறு இருக்குமா?”

“அப்போ மிச்சம் மூணடி உன் மூளைல குறையுது.”

அவன் சிரித்தான். திட்டினாலும் சிரிக்கிறவனை என்ன செய்வது.

நான் பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன். ஒன்பதடி எஃகுக் கம்பிக்கு நிகர் எதுவுமில்லை, ஆனால் மரக்கிளையில் அடித்து அடித்து ஒரு மாதத்தில் வளைந்துவிடும். காந்தம் வைத்து ஒட்டுகிறது சந்தைக்குப் போகிறவனுக்குச் சரி, இந்தக் குலுங்கலில் ஆற்றில் போய் விழும். நாலடி கண்ணாடியிழைக் கம்பிதான் உனக்குப் பொருத்தம், கூரை நடுவில் ஓட்டை போடுகிறேன், சின்ன வேலை என்றேன்.

“ஐயோ, ஓட்டை வேண்டாம் சகலை. டார்சிக்குத் தெரிஞ்சு எங்க வீட்டுல புதுசுன்னு வாங்கின மொத வண்டி இதுதான். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கா. அதுல போய் ஓட்டை போட்டா அழுதுருவா.”

இதுதான் ராய்ஸ். நாலு பக்கமும் குரல் போக வேண்டிய மலையில், பெண்டாட்டி அழுவாள் என்று கூரையைக் காப்பாற்றுகிறவன். இப்படிப்பட்டவர்களை நீங்கள் நல்லவன் என்கிறீர்கள். அவன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

சரி என்று, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் சாமான் தடுக்க வைத்திருக்கும் இரும்புச் சட்டத்தில் வைத்தேன். அந்தச் சட்டம் ரப்பர் பட்டையின்மேல் உட்கார்ந்திருக்கும். ஆகவே அதிலிருந்து வண்டியின் உடம்புக்கு ஒரு செப்புப் பட்டை இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கிற இரும்பில் முடுக்க வேண்டும். வண்டி முழுவதும் சேர்ந்துதான் ஆன்டெனா. அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் மேலே நிற்பது வெறும் குச்சி. மற்றவர்கள் பேசுவது உன் காதில் விழும். நீ பேசுவது கூப்பிடு தூரம் தாண்டாது.

அவன் கண் முன்னால் சுரண்டினேன். செப்புப் பட்டையை அளந்து வெட்டினேன். “உள்ள போய்க் காப்பி குடி” என்றேன். அவன் போனான். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டு குரல். அப்போதுதான் கம்பி இரும்பைத் தொடாதபடி ரப்பரை அடியில் வைத்தேன், போல்ட்டுக்கும் ஓர் உறை போட்டேன், முடுக்கினேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதாதீர்கள். டியூப்பைக் காலையிலேயே வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

பிறகு சோதித்துக் காட்டினேன். நான் என் லாரியில் ஏறிக்கொண்டேன், அவன் அவன் வண்டியில். நடுவில் ஒரு கோழிக்கூடுதான். “ஹலோ ஹலோ, பிஸ்கட் பேசறேன், கேக்குதா?” என்றான். மணி அடித்த மாதிரி கேட்டது. அவன் இறங்கி வந்து என் தோளைத் தட்டினான். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரனிடம் வாங்குவது மரியாதையில்லை.

மலை அமைதியானது. அந்தச் சில வாரங்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. மைல், லோடு, இறக்கம். மைல், காலி, ஏற்றம். எதற்காக அந்த அலைவரிசையை வைத்திருக்கிறோமோ அதற்கு மட்டும் பயன்பட்டது. நோரீன் ஒரு நாள் சாப்பாடு பரிமாறும்போது கேட்டாள்.

“ஏங்க, ராய்ஸ் குரலே காணோமே. உடம்புக்கு ஏதும் முடியலையா?”

“வேலை ஜாஸ்தி” என்றேன்.

“வேலை இருந்தா பேச மாட்டானா அவன்?”

நான் உப்பைக் கேட்டேன்.

ராய்ஸும் வந்தான், அடுத்த சில நாளில். வண்டியை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினான்.

“சகலை, உண்மையச் சொல்லு. பசங்களுக்கு என்மேல ஏதாச்சும் கோவமா? நான் எது சொன்னாலும் ஒருத்தனும் பதில் சொல்றதில்ல. நேர்ல பாத்தாலும் கேக்கக் கூச்சமா இருக்கு. உன்ன மாதிரி பேசிக் காட்டினேனே, அது தப்பாப் போச்சா? உனக்கு வருத்தம்னா மன்னிச்சுக்க.”

“எனக்கென்ன வருத்தம்.”

“ஆன்டெனா ஒரு தடவை பாக்கறியா?”

பார்த்தேன். பட்டையை இழுத்துப் பார்த்தேன், கம்பியைத் தட்டிப் பார்த்தேன். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. அது மைல் சொல்றதுக்கு இருக்கிற சாமான். நீ கொஞ்சம் கம்மியாப் பேசு” என்றேன். அவன் தலையை ஆட்டினான். அவமானப்பட்டவன் மாதிரி இருந்தது. அவன் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இது விபத்து. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், ஏர்ல் வாயைத் திறக்கும் வரை. எனக்குப் பின்னால் லோடோடு வந்துகொண்டிருந்தவர் ஏர்ல். வண்டிகள் மோதிய அன்று காலை என் குரல் ஒரு மைலில்கூடக் கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு ஏர்லின் மேல் மரியாதை வந்தது. ஒருவராவது என்னைக் கவனித்திருக்கிறார். நோரீன் அன்று காலை அந்த ரேடியோ முன்னால்தான் நின்றிருந்தாள். நான் பேசாததை அவள் கவனிக்கவே இல்லை. ராய்ஸ் பேசாத வாரங்களை மட்டும் கவனித்தாள்.

ஆம், நான் சொல்லவில்லை. மேலே மரம் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதே சொல்லவில்லை. ராய்ஸ் டீசலோடு ஏறுகிற நேரம் எனக்குத் தெரியும். பின்னால் ஏர்ல், “பத்து, லோடு, இறக்கம்” என்றார். ராய்ஸ் அதைக் கேட்டிருப்பான். ஏர்ல் தூரத்தில் இருக்கிறார், எட்டாவது மைல் ஒதுங்கிடத்துக்கு நேரமிருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பான். அந்தக் கணக்கில் நான் இல்லை.

அப்போது அவன் குரல் வந்தது. நெருங்கிவிட்டான், அதனால் எனக்கு மட்டும் கேட்டது. “ஆறரை, பிக்கப், ஏற்றம்” என்றான். சற்றுப் பொறுத்து மறுபடியும், “ஏர்லுக்கு முன்னாடி யாராச்சும் லோடோட வர்றீங்களா? இருந்தா சொல்லுங்க, நான் இங்கயே ஒதுங்கிக்கறேன்” என்றான்.

மைக் என் கையில் இருந்தது. பொத்தானை அமுக்கி ஒரு சொல் சொன்னால் போதும். இந்த இறக்கத்தில் லோடு லாரி எத்தனை தூரத்தில் நிற்கும் என்பதை இந்த மலையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பயந்து விலகிப் போவான் என்று நினைத்தேன் என்று சொன்னால் டார்சிக்கு ஆறுதலாக இருக்கும். அவள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், நோரீனோடு ஒரே அறையில் படுத்துக்கொள்கிறாள். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. வளைவு திரும்பும்வரை அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டுதான் வந்தேன். மைக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏழு, பிக்கப், ஏற்றம்” என்றான். அவ்வளவுதான். சாண்ட்விச் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, பாதிரியார் குரல் இல்லை. தெளிவாக, ஒரு வார்த்தை கூடாமல், எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னான். எத்தனை பேர் எத்தனை வருடம் சொல்லியும் திருந்தாதவன். அவனை நான் திருத்தினேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.