பல்லிமுட்டை செய்கிறவர்

ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் கம்பெனிச் சட்டை போட்ட வாலிபர். மற்றவர், அவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க பாலசமுத்திரத்திலிருந்து வந்திருந்த பெரியவர். பேச்சிலிருந்து அவ்வளவும் தெரிந்துவிட்டது.

"கம்பெனியில என்னாப்பா செய்யறே?"

"பல்லிமுட்டைங்க."

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"பித்தளையில இத்தினூண்டு குண்டுங்க. அவங்க குடுக்கற காயிதத்துல நம்பர்தான் இருக்கும், பேரு இருக்காது. நாங்களா வச்சிக்கினோம்."

"அத எதுல மாட்டறது?"

"தெரியாதுங்க. பெட்டியில போட்டு மெட்ராஸுக்கு அனுப்பறாங்க. அங்கேர்ந்து கப்பல்ல போவுதாம்."

"எத்தினி வருசமா செய்யறே?"

"ஆறு வருசமா. ஒண்ணாவது எங்கனா மாட்டிக்கினு இருந்து நான் பார்த்ததில்லீங்க."

பஸ் வடமாலப்பேட்டையைத் தாண்டியது. வாலிபர் தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கரும்பு போடறேன்" என்றார் பெரியவர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "அது எவன் வூட்டு காபியில கரையுதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா? ஞாயித்துக்கிழமை உங்கம்மாவ இட்டுக்கினு வா."