ஆளுக்கொரு கார்புரேட்டர்

— பெரியண்ணா, இதை எதுல கழுவின? மறைக்காம சொல்லு.

— புளித்தண்ணிலதான் பாப்பா. ரெண்டு நாளு ஊறப்போட்டு, சாம்பல் வெச்சித் தேய்ச்சேன். எப்படி மின்னுது பாரு.

— குத்துவெளக்கா இது? அப்பா பைக்கோட கார்புரேட்டர். உள்ள கீற பித்தளை ஜெட்டு மின்னுது, சரி. வெளிக்கூடு கறுத்து, சொறி புடிச்சா மாதிரி ஆயிடுச்சி. ஜெட்டு ஓட்டையில புளிநாரு அடைச்சிக்கினு கீது. பெட்ரோலு எந்த வழியா வரும்?

— நம்ம நெல்லிவாசல்நாட்டுப் புளின்னா திருப்பத்தூர் சந்தையில...

— சந்தைக் கதை வேணாம். சின்னண்ணா, உன்து எங்க? குடு.

— மொதல்ல உங்க அண்ணனை அந்தாண்ட தள்ளி உக்காரச் சொல்லு நதியா. அவரு இருக்கற எடத்துல என் சாமானை வெளிய எடுக்கமாட்டேன்.

— அவன் சாமான் எனக்கு எதுக்குன்னு கேளு பாப்பா.

— நாலு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டெலிபோன் வேலை பாக்கறேன். அப்பா போனதும் நெலத்தைப் பிரிச்சீங்க, புளியமரத்தைப் பிரிச்சீங்க. அப்பா வண்டியில ரெண்டு கார்புரேட்டர் கீதுன்னு ஆளுக்கொண்ணு கழட்டிக்கினு போனீங்க பாரு, எங்க கண்ணமங்கலத்துல சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. எங்க ஒர்க்‌ஷாப்புல எங்க வூட்டுக்காரரே சிரிக்கறாரு.

— அவன் மட்டும் ஓட்டிக்கினு போய்டக் கூடாதுன்னுதான் நான் எடுத்தேன்.

— அவரு மட்டும் ஓட்டிக்கினு போய்டக் கூடாதுன்னுதான் நானும் எடுத்தேன். இந்தா.

— சின்னண்ணா.

— இன்னா?

— இதுலயும் புளி வாசனை அடிக்குது.

— பித்தளைன்னா புளிதானே நதியா. அம்மா அப்படித்தானே தேய்ப்பாங்க.

— மூஞ்சியக் கூட பாத்துக்க மாட்டீங்க. தப்பு மட்டும் சொல்லிவெச்சா மாதிரி ஒண்ணாச் செய்வீங்க. ஜெட்டு அடைப்பைக் குத்தி எடுக்கணும், அந்தக் கேபிள்ல ஒத்தக் கம்பி உருவிக் குடு. இல்லல்ல, அது தடிப்பு, ஓட்டை பெருசாயிடும். இதோ, இது.

— மெதுவா பாப்பா, வேர்த்துக் கொட்டுது உனக்கு.

— கொட்டாம? நாளைக்கு என் பொண்ணுக்குக் காது குத்து. அப்பா வண்டியிலதான் வருவோம்னு ரெண்டு பேரும் ஒத்தக்கால்ல நின்னீங்க. அதுக்காக ஜீப்பு புடிச்சி மலையேறி வந்து, காலையிலருந்து இதை வாயில வெச்சி ஊதிக்கினு கீறேன். ஒரு தாய்மாமன் வந்து இன்னொருத்தர் வரலைன்னா, எங்க வூட்டுக்காரரு சொந்தக்காரங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்?

— வர்றேன்னுதானே சொல்றேன். காவியா யாரு மடியில உக்காரப் போறான்னு மட்டும் இப்பவே சொல்லிடு. மூத்தவன் நான்.

— அவரு மடின்னா நான் பந்தலுக்கே வரலை.

— வாயை மூடிக்கினு வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம் உக்காருங்க. ரெண்டையும் மாட்டிட்டேன். உள்ள காத்தை அடைக்கற கட்டை ரெண்டும் ஒரே நேரத்துல ஏறணும், இல்லைன்னா வண்டி இழுக்காது. வெரலை உள்ள வெய்ங்க. நான் ஆக்சிலேட்டரைத் திருகறேன். ஏறினதும் சொல்லுங்க.

— ஏறிடுச்சி.

— என்து ஏறலை. அவரை அவசரப்பட வேணாம்னு சொல்லு.

— நான் இன்னாடி பண்ணேன்? கட்டை ஏறுது, சொல்றேன்.

— இரு, கேபிளை முறுக்கறேன். இப்போ?

— ஏறிடுச்சி.

— ஏறிடுச்சி.

— நாலு வருஷத்துல ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசினது இதான். நகருங்க. ரெண்டு லிட்டர் புது பெட்ரோலு ஊத்தியிருக்கேன், உதைக்கிறேன். ம்... இன்னொரு உதை. ஆங். கேட்டீங்களா? ரெண்டு சைலன்சரும் ஒரே மாதிரி அடிக்குது.

— அப்பா வர்றா மாதிரியே கீது பாப்பா. சரி, அவனைப் பின்னாடி ஏறிக்கச் சொல்லு.

— அவரு முன்னாடின்னா நான் ஏறமாட்டேன்.

— யாரும் ஏற வேணாம். நான் ஓட்டிக்கினு போறேன்.

— இன்னா நதியா, இது எங்க ரெண்டு பேரு பங்கு.

— ஆர்.சி. புக்கை ஒரு நாளாவது தேடினீங்களா? அப்பா நல்லா இருந்தப்பவே என் பேருக்கு மாத்திட்டாரு. தோ, பையிலதான் கீது. பாருங்க.

— இத்தினி வருஷம் ஏன் பாப்பா சொல்லலை?

— பங்கு பிரிக்கறப்ப என்னைய ஒரு வார்த்தை கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன் அண்ணா. கூப்பிடலை. இன்னி வரைக்கும் மனசு ஆறலை எனக்கு. காலையில ஒம்போது மணிக்குக் காது குத்து. காவியாவுக்கு ஒரு மடி போதும், மாமன் ரெண்டு பேரும் வேணும். வர்றேன்.

— பாப்பா, நில்லு. பாப்பா... போய்ட்டா.

— வளைவு தாண்டிட்டா. இனிமே யாருகிட்ட சொல்லி அனுப்பறது?

— டேய் தம்பி, முனிசாமி. காலையில மொத ஜீப்பு எத்தினி மணிக்குடா?