சோலையின் வாசல் பல்பு

1973ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. பகல் முழுவதும் கடும் புழுக்கம். அந்தியில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரவு மணி எட்டரை. எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே, கரிசல் சாலையில் ஆளரவம் இல்லை. சக்கரத்தில் அப்பிய சேற்றைக் குச்சியால் நெம்பி நெம்பி, ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

அவர் பெயர் சீனிச்சாமி. மின்வாரிய வயர்மேன். நம் நண்பர் ராஜகுருவுக்குத் தாய்மாமன். நெருங்கி உட்காருங்கள்... இந்தக் கதையை ராஜகுரு காறித் துப்பிவிட்டுத்தான் தொடங்குவார்.

மின்சாரத்திற்குப் பெரும் பஞ்சம் நிலவிய காலம் அது. வீட்டுக்கு வெளியே எரியும் பல்பை இரவு எட்டு மணிக்கு அணைத்துவிடல் வேண்டும். மீறினால் கழற்றிக்கொண்டு போகலாம். இது விதி. நல்ல விதிதான். ஆனால் பெரிய வீட்டு வாசல்கள் சீனிச்சாமியின் கண்ணுக்குத் தென்படுவதே இல்லை. இல்லாதவர்களின் பல்புகளே அவர் பைக்குள் விழுந்தன. அவை அலுவலகத்துக்கும் போய்ச் சேரவில்லை. மூன்று மைலுக்கு அப்பால், பருத்திக் காட்டின் நடுவே தனித்து நின்ற அவருடைய வீட்டு வாசலில் விடிய விடிய எரிந்தன.

அவ்வீட்டில் அவருடைய மனைவி முருகேஸ்வரியும், பிறந்து நான்கு மாதமே ஆன பெண் குழந்தையும் இருந்தனர். குழந்தையைத் தம் மார்பின்மேல் கிடத்தினால்தான் அவருக்கு உறக்கம் வரும். அத்தனை அற்பமான மனிதரிடம் அத்தனை பாசம்!

அன்றிரவு ஊர்க்கோடியில் சந்தனம்மாள் வீட்டு வாசலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் கணவர் சோலை, பாழுங்கிணற்றில் விழுந்து மூன்று நாள் ஊறிக் கிடந்து, நான்காம் நாள் எடுக்கப்பட்டவர். வெளியில் இறந்தவரை வீட்டுக்குள் கொண்டு செல்லும் வழக்கம் அங்கு இல்லை. வாசலிலேயே கிடத்தினார்கள். கிடத்திய இடத்தில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இரவெல்லாம் விளக்கு எரிய வேண்டும். அகல் விளக்கு காற்றில் நிற்கவில்லை. ஆகவே வீட்டிலிருந்த ஒரே பல்பை வாசலில் தொங்கவிட்டிருந்தாள். அன்று பதினைந்தாம் நாள்.

“இந்தாம்மா, எட்டு மணிக்கு மேல வாசல் லைட்டு எரியக் கூடாதுன்னு தமுக்கு அடிச்சது காதுல விழலையா?”

“விழுந்துச்சு சாமி. இன்னைக்கு ஒரு ராத்திரி விட்ருங்க. வெளிச்சம் இருந்தா அவுக வாசல்லயே கெடப்பாக. இருட்டாயிருச்சுன்னா ஆளத் தேடிப் போயிருவாக.”

“செத்த ஆளுக்கு எதுக்கு அறுவது வாட்டு? நாப்பது பத்தாதாக்கும்?”

சிரித்தவாறே கழற்றினார். அவள் தடுக்கவில்லை.

“கொண்டு போறீக... போங்க. எங்கயாச்சும் மாட்டிப்புட்டீகன்னா, பெறகு அங்கன இருந்து கழட்டிராதீக.”

ஒன்பதேகாலுக்கு வீடு சேர்ந்தார். அந்தப் பல்பைத் தம் வாசலில் மாட்டினார். மழைக்குப் பிந்திய ஈசல்கள் மொய்த்தன. உண்டு முடித்து, ஈசல் தொல்லை தாங்காமல் அன்று பத்து மணிக்கே விளக்கை அணைக்க வெளியே வந்தார். மனைவியும் குழந்தையும் உள்ளே உறங்கிவிட்டிருந்தனர்.

சுவிட்சைத் தட்டினார். பல்பு அணையவில்லை.

வெளிச்சுவரில் இருந்த மீட்டர்ப் பலகையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினார். வீடு முழுவதும் இருண்டது... வாசல் பல்பு மட்டும் எரிந்தது. பீஸ் கட்டை அவர் உள்ளங்கையில் இருந்தது.

அப்போதுதான் அந்த நாற்றம் எழுந்தது. பாசி பிடித்த நீரில் ஊறிய இறைச்சியின் நாற்றம். கீழே பார்த்தார். உதிர்ந்த ஈசல்கள் குவியலாகக் கிடக்கவில்லை. நீளமாகக் கிடந்தன... தெற்கே தலை. இரண்டு கால்கள். கட்டுப்போட்டதுபோல ஒட்டியிருந்த பெருவிரல்கள்.

துடைப்பத்தால் கலைத்தார். ஈரச் சிறகுகள் அவர் உதட்டிலும் நாக்கிலும் ஒட்டின. துப்பினார். கலைந்தவை சரசரவென்று ஊர்ந்து மீண்டும் அதே உருவாகக் கூடின. வயிற்றுப் பகுதி மெல்ல உப்பித் தணிந்தது.

இந்தச் சனியனை உரியவளிடமே எறிந்துவிட வேண்டும்! அந்த ஒரே நினைப்பில் துண்டைச் சுற்றிப் பல்பைத் திருகினார். எரிந்த பல்பு சில்லென்று இருந்தது. கையில் வந்ததும் அணைந்தது. கதவை வெறுமனே சாத்திவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அவள் சொன்ன சொல் அவர் நினைவில் இல்லை.

சந்தனம்மாள் இருட்டில், வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பல்பை நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

“அகலை ஏத்தி ஏத்திப் பாத்தேன், நிக்கல. அவுக அப்பவே வெளிச்சத்துக்குப் பின்னாடியே வந்துட்டாக. ஒங்க வாசல்லதான் கெடந்திருப்பாக.” சற்று நிறுத்தினாள். “அங்க இப்ப இருட்டா கெடக்கா?”

சீனிச்சாமி பல்பைப் பைக்குள் திணித்தார். வந்த வழியே சைக்கிளை மிதித்தார். சேற்றில் இருமுறை விழுந்தார்.

வாசலில் ஈசல்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. உதிர்ந்த சிறகுகள் மட்டும் ஒரு கோடாக நீண்டு, நிலைப்படியைத் தாண்டி, கதவுக்கு அடியில் சென்றிருந்தன. பல்பை மாட்டினார். பீஸ் கட்டையைச் செருகினார். சுவிட்சைத் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார்.

எரியவில்லை.

கதவைத் தள்ளினார். உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

“முருகேசு... கதவத் தெற!”

உள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் குரல் வந்தது.

“யாரது, அவுக கொரல்லயே பேசுறது? அவுகதான் அப்பவே வந்து தாழ்ப்பாளப் போட்டுப் படுத்துட்டாகளே... ஈர வேட்டியோட, ஒரே பாசி நாத்தம். பிள்ளை அவுக நெஞ்சு மேல கெடக்கு. சத்தம் போடாதீக.”

அதன்பின் அவ்வீட்டிலிருந்து ஓசை ஏதும் வரவில்லை. சீனிச்சாமியின் கைக்கடிகாரத்தில் ரேடியம் முட்கள் மட்டும் ஒளிர்ந்தன... இரவு மணி பன்னிரண்டு இருபது.