கத்திரி படாத கவுன்

எல்லாம் அந்த டேனியலாலதான்மா. இல்ல, நீ எழுந்துக்காத, உக்காரு. உன் பக்கத்துல சீட்டு காலியா இருக்குதுன்னு எனக்கும் கண்ணு தெரியுது. இந்தக் கவுன போட்டுக்கினு உக்கார முடியாது, அதான் பேஜாரு. குனிய முடியாது, மடங்க முடியாது, தூணு மாதிரி நிக்கத்தான் முடியும். ஷேர் ஆட்டோக்காரன் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஆயா, உன்ன ஏத்தணும்னா கூரைய கழட்டணும்"னான். ஆயாவாம். எம்பொண்ணுக்கே இன்னும் கல்யாணம் ஆவல, அதுக்குள்ள நான் இவனுக்கு ஆயா. அதான் பஸ்ஸு. ஓரகடம் வரைக்கும் நின்னுக்கினேதான் வரப்போறேன். நீ எங்க? நீயும் ஓரகடமா? நல்லதாப்போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. உன் பைய மட்டும் கொஞ்சம் மடிமேல தூக்கி வெச்சிக்கோமா, அதுல இருக்கற கொக்கி என் துணியில ஒரசுது. ஆங், அப்டித்தான்.

எங்க விட்டேன்... டேனியல். பிள்ளையார்பாளையத்துல ஜாக்கெட்டு தைக்கிறான். கைவேல சுத்தமா இருக்கும், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வாய்தான்... நான் ஒண்ணு சொன்னா அவன் நாலு சொல்லுவான். எனக்குக் கம்மியா பேசற ஆளுதான் புடிக்கும். நானே அதிகமா பேசமாட்டேன்.

இது எதுக்குன்னு கேக்கறியா? எம்பொண்ணு திரிஷா ஓரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனில சூப்பர்வைசரு. இன்னிக்கி சாயங்காலம் கம்பெனி விழா, பெரிய ஓட்டல்ல. அவளுக்கு பிரைஸு குடுக்கறாங்க. பிரைஸு வாங்கறவங்க கூட வீட்டாளு ஒருத்தர் மேடைக்கு ஏறணுமாம். அவங்கப்பா சத்யராஜு, மேடன்னாலே எனக்குக் கால் நடுங்கும்னு ஒதுங்கிட்டாரு. அப்ப நான்தான? கார்டுல ஈவினிங் ஃபார்மல்ஸுன்னு அச்சடிச்சிருந்துச்சி. அப்டின்னா இன்னாடின்னு கேட்டேன். "கோட்டு, கவுனு, அந்த மாதிரிமா. நீ அதெல்லாம் பாக்காத. பொடவ கட்டிக்கினு வா, அதான் உனக்கு நல்லா இருக்கும்"னா.

அதான் உனக்கு நல்லா இருக்கும். கேட்டியா பேச்ச? வேற எதுவும் உனக்கு ஒத்து வராதுன்னுதான அர்த்தம்? நேரா சொல்ல வாய் வராம சுத்தி வளைச்சி சொல்றா.

இன்னாமா, இன்னா வேணும்? துணிய தொட்டுப் பாக்கணுமா? பாரு பாரு, நல்லா பாரு. சுத்தமான பட்டு, கரையில ஜரிகய பாத்தியா. பஸ்ல ஏறனதுல இருந்து எல்லாரும் இதத்தான் பாக்கறாங்க. நூலா? ஆமா, நூல் தொங்கும். டேனியல் வேல அப்டித்தான். விடு.

நான் இன்னா வேல பாக்கறேன்னு சொல்லலியே. காந்தி ரோட்டுல பட்டுக்கடையில பொடவ மடிக்கிறேன். விக்கறவங்க வேற, நான் மடிக்கிறவ. ஒரு கல்யாண பார்ட்டி வந்து உக்காந்தா, கட முழுக்கப் பிரிச்சிப் போட்டுட்டு, கடைசியில வரதராஜரு கோயிலுக்குப் போயிட்டு வரோம்னு எழுந்து போவாங்க. அவ்ளோதான், திரும்ப மாட்டாங்க. அந்தப் பொடவ மலைய யாரு மடிக்கிறது? "லில்லி..."ன்னு ஒரு கொரல் வரும். கண்ண மூடிக்கினு மடிப்பேன்மா. ஜரிக ஒடையாது, கரை பிசகாது. எங்க மடிக்கிறவங்க எல்லாருக்கும் கடையில ஒரே கலர்ல யூனிபாரம் பொடவ குடுத்திருக்காங்க. வருஷம் பூரா பொடவயிலயே நிக்கிறவ, மேடைக்கும் பொடவயிலயே போனா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? பிரைஸு வாங்கறவளோட அம்மான்னு நெனைப்பாங்களா, ஓட்டல்ல துணி மடிக்க வந்தவன்னு நெனைப்பாங்களா? எம்பொண்ணு பக்கத்துல ஒரே ஒரு சாயங்காலம் நான் வேற மாதிரி நிக்கணும். அவ்ளோதான் என் ஆச. இது தப்பா?

...ஐயம்பேட்டையா இது? வந்துட்டமா. இந்த டிரைவரு ஸ்பீட் பிரேக்கர்ல கூட மெதுவா போவமாட்டானா, குலுக்கித் தள்றான். இரும்மா, கைய புடிச்சி இழுக்காத. விழமாட்டேன். கம்பிய கெட்டியாதான் புடிச்சிக்கினு இருக்கேன். நல்ல பொண்ணு நீ.

கேளு. போன்ல ஒரு போட்டோ பாத்தேன். தோள்ல இருந்து பின்னாடி தோகை மாதிரி எறங்கி, இடுப்புல சுருக்கு வெச்சி, கீழ கொட மாதிரி விரிஞ்சி. இதே மாதிரி தையின்னு பொடவயோட போயி நின்னேன். டேனியல் சாக்கட்டிய எடுத்தான். சரி. அப்பால கத்திரிய எடுத்தான் பாரு, அவன் மணிக்கட்டப் புடிச்சிட்டேன். கத்திரி பட்டா அது பொடவ இல்லப்பா, துணி. கத்திரி படாம தையின்னேன்.

அவன் என்னயே பாத்தான். "அக்கா, வெட்டாம எப்டிக்கா கவுனு?"ன்னான். ஏண்டா, ஆறு கஜத்த ஒரு அட்டப் பொட்டிக்குள்ள நான் மடிச்சி அடக்கறேன், ஒரு பொம்பள ஒடம்புக்கு மடிச்சி அடக்க உன்னால முடியாதான்னேன். அதுக்கு அவன் சொல்றான், "பொட்டி நடக்காதுக்கா. பொட்டி உக்காராதுக்கா." பாத்தியா திமிர.

நானே மடிச்சேன். அவன் கட நடுவுல, மேசமேல போட்டு. கரை கீழ வர்ற மாதிரி, முந்தாணி முதுகுல தொங்கற மாதிரி, மிச்சத்த எல்லாம் உள்ள உள்ள உள்ள வெச்சி. எங்க கடக்காரங்க பாத்திருந்தா கைதட்டியிருப்பாங்க. டேனியலு வெறும் நூல் ஓட்டினதுதான். அதுலயும் சண்ட. நல்லா நெருக்கி மிஷின் தையல் போடறேங்கிறான். வேணாம்னுட்டேன். கையால, பெரிசு பெரிசா, ஒரே நூலு. முடிச்சி போடாத, முடிச்சி பட்டா பட்டுல தடம் விழும். நாளைக்கிக் காலையில ஒரு முனைய புடிச்சி இழுத்தா மொத்தமும் உருவிக்கினு வந்துடணும், திரும்ப பொடவயா மடிச்சி வெச்சிடணும்னேன். தோள்லயும் இடுப்புலயும் மட்டும் ஊக்கு. "அக்கா, வழியில உருவிக்கினா என்ன சொல்லக்கூடாது"ன்னான். வாய கழுவுடான்னேன்.

உள்ள ஜாக்கெட்டு பாவாட எல்லாம் போட்டுக்கினுதான் இருக்கேன், அதுக்கும் ஒரு வாக்குவாதம். கவுனுக்குள்ள பாவாட கட்டினா புடைச்சிக்கினு தெரியுமாம். தெரிஞ்சிட்டுப் போவட்டும்டா, அது இல்லாம நான் வாசப்படி தாண்டினதில்லன்னேன்.

இரும்மா, சொல்லி முடிச்சிடறேன். நீ அப்பறம் பேசு. சின்னப் பசங்களுக்கு ஒரு பேச்ச முழுசா கேக்கற பொறும இல்ல.

இந்தப் பொடவ... யார்கிட்டயும் சொல்லாத. நீ சொல்லமாட்ட, மூஞ்சப் பாத்தாலே தெரியுது. இது என்னுது இல்ல. எங்க நாத்தனாரு கிரேஸுது. அவ பொண்ணு நிச்சயத்துக்கு எடுத்தது. கட்டிக்கினு போயிட்டு குடுத்துடறேன்னு வாங்கினேன். கவுனுன்னு சொல்லல. சொன்னா குடுப்பாளா? கத்திரி மட்டும் பட்டிருந்துச்சின்னு வை, அப்பறம் எங்க சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கும் நான் போவ முடியாது. அதுக்குத்தான் அவன் மணிக்கட்டப் புடிச்சேன். அது டேனியலுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி.

ஜன்னல்ல இருந்து இன்னாமா இப்டி காத்து வருது? ஜில்லுனு இருக்குது. கெளம்பும்போது மூச்சு கூட வுட முடியாம இறுக்கமா இருந்துச்சி, இப்ப கொஞ்சம் தொளதொளன்னு ஆயிட்ட மாதிரி... காலையில நாஸ்தா துண்ணல, மத்தியானமும் பயத்துல சோறு எறங்கல. ஒரே நாள்ல எளச்சிட்டேன் போல. பரவால்ல, போட்டோல நல்லா விழும்.

பயமான்னு கேக்கறியா? நீ கேக்கல, நானே சொல்றேன். பயந்தான். இந்தக் கவுனோட மேடப்படி ஏறணும். இந்த பஸ் படியே கண்டக்டரு பின்னாலருந்து தள்ளித்தான் ஏறினேன். அங்க யாரு தள்ளுவாங்க? எம்பொண்ணு ஒரு கையில பிரைஸு, ஒரு கையில என்ன புடிச்சிக்கினு... அவ மானம் போயிடுமே. நெனைக்கும்போதே கால் கடுக்குது. செத்த உக்காருவோம். நவுரு.

அப்பாடா. உக்காந்தா எவ்ளோ சொகமா இருக்குது.

...உக்காந்துட்டேனா? நான் எப்டி உக்காந்தேன்?

அய்யோ. இது இன்னா, மடியில எல்லாம் துணி. பின்னால பாரு, கீழ வரைக்கும்... சுருக்கு எங்க? என் சுருக்கு எங்கம்மா? உன் பையோட கொக்கியில... நூலு. மொத்த நூலுமா? அத விரல்ல அழகா சுத்தி வேற வெச்சிருக்க. எப்ப இருந்து? ஐயம்பேட்டைக்கி முன்னாடியில இருந்தா? வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சிருந்த? ஒரு வார்த்த, அக்கா நூல் உருவுதுன்னு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? நான் எங்க உன்ன பேச வுடல? வாயே தொறக்கல நீ. சரி, தொறந்த. கைய புடிச்சி இழுத்தும் பாத்த. அத இன்னும் கொஞ்சம் பலமா இழுக்கறது.

போவட்டும். அழுதா ஆச்சா. கண்டக்டர் தம்பி, செத்த அந்தப் பக்கம் திரும்பி டிக்கெட்டு குடுப்பா. அம்மாங்களா, இப்டி சுத்தி வந்து நில்லுங்க. புண்ணியமாப் போவும். நீ அந்த முந்தாணிய புடி, தரையில வுடாத, கிரேஸு கொன்னுடுவா. ஊக்க கழட்டு. பஸ்ஸு ஓடினா ஓடட்டும். பொடவ கட்டறதுக்கு எனக்கு பூமி நிக்கணும்னு அவசியமில்ல. கொசுவம் நானே வெச்சிக்கறேன். அத மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்... ம். தோள்ல ஒரு ஊக்கு. அவ்ளோதான், முடிஞ்சிது.

கண்ணாடி இருக்குதா? இல்லியா. ஜன்னல்லயே தெரியுது, வெளிய இருட்டிக்கினு வருது. நீதான் சொல்லேன், எப்டி இருக்குது? இன்னா சொன்ன? திரும்ப சொல்லு, பஸ் சத்தத்துல காதுல விழல. அதான் எனக்கு நல்லா இருக்குதா? நெஜமா? அவளும் இதேதான்மா சொன்னா. இதே வார்த்த. அவ சொல்லும்போது எனக்கு ஏன் வேற மாதிரி கேட்டுச்சி...

இரு, போன் அடிக்குது. அவதான்.

அலோ... ஆங், வந்துக்கினே இருக்கேன். வாலாஜாபாத்து தாண்டிட்டோம். வாசல்லயே நில்லு... இன்னா கட்டிக்கினு வரேனா? பொடவதான்டி. வேற இன்னாத்த கட்டுவேன்? நீதான பொடவ கட்டிக்கினு வான்ன. உன் பேச்ச நான் என்னிக்கி மீறினேன்... எந்தப் பொடவயா? கிரேஸ் அத்தயது. கட்டிக்கினு போறேன்னு கேட்டுத்தான் வாங்கினேன், வேணும்னா அவளயே கேளு... சரி, வெய்யி.

இன்னாமா சிரிக்கிற? இதுல ஒரு வார்த்த பொய் இருக்குதா? இருந்தா சொல்லு. நான்தான் நிறுத்திட்டனே, இப்பவாச்சும் வாயத் தொறந்து பேசேன்.